47ஆவது பெயர் எங்கே போனது?
தரவுத்தளம் தரும் விடைகளை இரண்டு பத்திகளில் காட்டும் முறை

பரிசு பெற்றோர், நன்கொடையாளர், முன்னாள் மாணவர் என்று எந்தப் பட்டியலை இணையத்தில் ஏற்றினாலும் ஒரு குறை கண்ணில் படும். பெயர்கள் எல்லாம் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நீளமாக இறங்கும். வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டால் பக்கமும் நிறைவாக இருக்கும், பாதி நீளத்தில் பட்டியலும் முடிந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. தரவுத்தளத்தையும் இணைய நிரலாக்கத்தையும் சேர்த்துப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் திணறும் இடங்களில் இதுவும் ஒன்று. நம் நாட்டில் படிவம் 5 கணினி அறிவியல் எடுப்பவர்கள் இதை விரைவிலேயே சந்திப்பார்கள்.

நானும் இதில் சறுக்கி விழுந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி உதவி அமைப்பு, இலவச பிரத்தியேக வகுப்புக்குத் தேர்வான மாணவர்களின் பட்டியலை இணையத்தில் போட்டுத் தரும்படி கேட்டது. மொத்தம் 47 பேர். அகர வரிசையில், இரண்டு பத்தியாக வேண்டும் என்றார்கள். ஒரே மாலையில் எழுதி ஏற்றிவிட்டேன். மறுநாள் ஒரு தாயார் அந்த அமைப்பைத் தொலைபேசியில் அழைத்தார். "மகளுக்கு இடம் கிடைச்சிருச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. லிஸ்ட்ல பேரு இல்லையே, எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

யாரும் எடுக்கவில்லை. தரவுத்தளத்தில் அந்தப் பெண்ணின் பெயர் அப்படியே இருந்தது. பக்கத்தில்தான் இல்லை. எண்ணிப் பார்த்தேன், 46 பெயர்கள் இருந்தன. பதிவுக்கு இன்னும் மூன்றே நாள். அந்த அம்மா கேட்காமல் மனம் நொந்து விட்டிருந்தால், அந்த இடம் வேறு யாருக்காவது போயிருக்கும்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடுவோம்.

இரண்டு வகை 'காலம்'

ஆங்கிலத்தில் 'காலம்' என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. தரவுத்தள அட்டவணையில் பெயர், வகுப்பு, பள்ளி என்று மேலிருந்து கீழாக இறங்கும் பிரிவும் காலம்தான். பக்கத்தில் பெயர்கள் இறங்கும் பிரிவும் காலம்தான். குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. பக்கத்தில் இரண்டு காலம் வேண்டும் என்றால் தரவுத்தளத்திடம் இரண்டு காலம் கேட்க வேண்டும் என்று நினைத்து, வினவலையே முறுக்கிப் பார்க்கும் மாணவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் தரவுத்தளத்தில் இருப்பதைப் 'புலம்' என்றும், பக்கத்தில் இருப்பதைப் 'பத்தி' என்றும் சொல்வோம். நாளிதழ் வாசகர்களுக்குப் பத்தி புதிதில்லை. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பதும் பத்தி பிரித்து அச்சிட்ட தாள்தான்.

தொடர்புசார் தரவுத்தளம் என்ற கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கோட் 1970இல் வெளியிட்டார். அவர் முன்வைத்தபடி அட்டவணை என்பது கணிதத்தில் வரும் கணம் போன்றது. கணத்தில் உறுப்புகள் உண்டு, முன் பின் கிடையாது. அந்தக் கருத்தின்மேல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வடிவமைத்த வினவல் மொழிதான் இன்றைய எஸ்.கியூ.எல்.லின் மூலம். அதில் 'ஆர்டர் பை' என்று எந்தப் புலத்தின்படி அடுக்க வேண்டும் எனச் சொன்னால்தான் வரிசைக்கு உறுதி உண்டு. சொல்லாவிட்டாலும் பெரும்பாலும் பதிவு சேர்த்த வரிசையில் வருவது போலத் தோன்றும். அதை நம்பக் கூடாது. இன்று ஒழுங்காக வந்தது, நாளை சில பதிவுகளை நீக்கிச் சேர்த்த பிறகு மாறி வரலாம்.

ஆக, தரவுத்தளத்திடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாப் பதிவுகளையும் பெயர் வரிசையில் ஒரே சங்கிலியாகக் கொடு. அந்தச் சங்கிலியை எங்கே அறுத்து எப்படி வைப்பது என்பது பக்கத்தின் வேலை.

குறுக்காகவா, நெடுக்காகவா?

ஏழு பெயர்களை எடுத்துக்கொள்வோம். அமுதா, அனிதா, கவிதா, சரவணன், மாலதி, வள்ளி, ஹரிணி. இவற்றை இரண்டு பத்தியில் வைக்க இரு வழிகள் உண்டு.

குறுக்காக வைத்தால்:

அமுதா — அனிதா
கவிதா — சரவணன்
மாலதி — வள்ளி
ஹரிணி — (காலி)

நெடுக்காக வைத்தால்:

அமுதா — மாலதி
அனிதா — வள்ளி
கவிதா — ஹரிணி
சரவணன் — (காலி)

நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். பெயர் தேடுபவரின் கண் மேலிருந்து கீழாக ஓடும். தொலைபேசிப் புத்தகத்தில் பழகிய கண் அது. குறுக்காக அடுக்கிய பட்டியலில் இடப்பத்தியை மட்டும் ஓட்டிப் பார்ப்பவர் அமுதா, கவிதா, மாலதி, ஹரிணி என்று பார்ப்பார். 'சரவணன்' கவிதாவுக்கும் மாலதிக்கும் இடையே வர வேண்டும், அங்கே இல்லை, ஆகவே பட்டியலிலேயே இல்லை என்று முடிவு செய்துவிடுவார். பெயர்ப் பட்டியலுக்கு நெடுக்கு அடுக்கே நல்லது.

ஆனால் புத்தகக் கடையின் பக்கத்தில் அட்டைப் படமும் விலையுமாக 20 புத்தகங்களைப் புதியது முதலில் வருமாறு காட்டுகிறீர்கள் என்றால் குறுக்கு அடுக்குதான் சரி. அங்கே யாரும் எழுத்து வரிசையில் தேடுவதில்லை. புதிய நான்கும் திரையின் மேற்பகுதியிலேயே தெரிய வேண்டும்.

பட்டியல் மிக நீளம் என்றால் நெடுக்கு அடுக்கிலும் ஒரு தொல்லை உண்டு. 400 பெயர்களை இரண்டாகப் பிரித்தால் இடப்பத்தியில் 200 பெயர் இறங்கிவிட்டு, மறுபடி பக்கத்தின் உச்சிக்கு ஏறி வலப்பத்தியைத் தொடங்க வேண்டும். தாளில் கண்ணை உயர்த்தினால் போதும். திரையில் விரலால் இழுத்து இழுத்துத்தான் ஏற வேண்டும். இதற்கு நான் கையாளும் வழி, முதலெழுத்தின்படி 'அ', 'இ', 'க', 'ச' என்று சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே இரண்டு பத்தியாக்குவது.

என் பிழை

அன்று நான் குறுக்கு அடுக்கைத்தான் தேர்ந்தெடுத்தேன். அது முதல் தவறு. இரண்டாவது தவறுதான் அந்தப் பெண்ணின் பெயரை விழுங்கியது.

ஒரு வரிக்கு இரண்டு பெயர் என்பதால் மொத்தத்தை 2ஆல் வகுத்து, அத்தனை வரி எழுதச் சொன்னேன். வரி எண்ணை 1இல் தொடங்கி, அது மொத்தத்தின் பாதியைத் தாண்டாத வரை இரண்டு இரண்டு பெயராக எழுதும்படி சுழற்சியை அமைத்தேன். நான் எழுதியது பி.எச்.பி. மொழியில். அதில் 47ஐ 2ஆல் வகுத்தால் 23.5 வரும். வரி எண் 23 ஆகும்போது அது 23.5ஐத் தாண்டவில்லை, எழுதியது. 24 ஆனபோது தாண்டிவிட்டது, நின்றுவிட்டது. 23 வரி, 46 பெயர். கடைசிப் பெயர் வெளியே நின்றது. கணினி பிழை எதுவும் சொல்லவில்லை. அதன் கணக்கில் எல்லாம் சரி.

வேடிக்கை என்னவென்றால், வரி எண்ணை 0இல் தொடங்கி 'பாதியைவிடக் குறைவாக இருக்கும் வரை' என்று எழுதியிருந்தால் 0 முதல் 23 வரை 24 வரிகள் வந்திருக்கும். பிழை ஒளிந்தே போயிருக்கும். ஈவை மட்டும் முழு எண்ணாகத் தரும் மொழிகளில் அதுவும் உதவாது. அங்கே 47இல் பாதி 23தான்.

ஏன் சோதனையில் தெரியவில்லை? நான் சோதித்தது 10 மாதிரிப் பெயர்களை வைத்து. பத்து இரட்டைப்படை எண்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அகர வரிசையில் விடுபடுவது எப்போதும் கடைசிப் பெயர். தமிழ்ப் பட்டியலில் கடைசியில் நிற்பது பெரும்பாலும் ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயராக இருக்கும். ஆண்டுதோறும் இதே நிரலைப் பயன்படுத்தி, எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமையும் போதெல்லாம் ஒரு ஹரிணியோ ஹேமாவோதான் காணாமல் போவார். தற்செயல் போலத் தோன்றும் பிழை ஒரே மாதிரிப் பிள்ளைகளை மட்டும் குறிவைத்துக்கொண்டே இருக்கும்.

அந்த மாலையே திருத்தி ஏற்றினேன். அந்த மாணவி வகுப்பில் சேர்ந்தார். அமைப்பின் செயலாளர் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவன் நான்.

சரியான கணக்கு

எந்த மொழியில் எழுதினாலும் கணக்கு ஒன்றுதான், ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். முதலில் வினவலின் விடை முழுவதையும் ஓர் அணியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அணியின் முதல் இடத்துக்கு எண் 0 என்பதை மறக்க வேண்டாம். மொத்தப் பெயர்கள் 'மொ' என்போம்.

குறுக்கு அடுக்குக்கு:

எண் = 0 முதல் மொ − 1 வரை:
எண்ணை 2ஆல் வகுத்தால் மீதி 0 என்றால், புதிய வரியைத் திற.
பெயரை எழுது.
மீதி 1 என்றால், வரியை மூடு.
சுழற்சி முடிந்தபின், மொ ஒற்றைப்படை என்றால், ஒரு காலிக் கட்டம் எழுதி வரியை மூடு.

இங்கே சுழற்சி வரிகளை எண்ணவில்லை, பெயர்களை எண்ணுகிறது. ஒவ்வொரு பெயரும் ஒருமுறை எழுதப்பட்டே தீரும். என் பழைய நிரலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். கடைசி அடியை விட்டுவிட்டால் பெயர் விடுபடாது. ஆனால் திறந்த வரி மூடப்படாமல் கிடக்கும். உலாவிகள் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும் என்பதால் பிழை கண்ணுக்குத் தெரியாது.

நெடுக்கு அடுக்குக்குப் பாதியை மேல்நோக்கி முழுதாக்க வேண்டும். மொத்தத்துடன் 1 கூட்டி 2ஆல் வகுத்து, ஈவை மட்டும் எடுங்கள். 47 + 1 = 48; பாதி 24. இரட்டைப்படையான 46 என்றால் 46 + 1 = 47; ஈவு 23. இரண்டுக்கும் சரியாக வருகிறது.

பாதி = (மொ + 1) ஐ 2ஆல் வகுத்த ஈவு
எண் = 0 முதல் பாதி − 1 வரை:
இடக் கட்டத்தில் எண் ஆவது பெயர்.
எண் + பாதி, மொத்தத்தைவிடக் குறைவு என்றால், வலக் கட்டத்தில் அந்தப் பெயர், இல்லையென்றால் காலி.

ஏழு பெயருக்குப் பாதி 4. முதல் வரியில் 0ஆம் பெயர் அமுதா, 4ஆம் பெயர் மாலதி. கடைசி வரியில் 3ஆம் பெயர் சரவணன், 7ஆம் பெயர் இல்லை, ஆகவே காலி. மேலே காட்டிய அடுக்கு கிடைத்துவிட்டது.

எழுதி முடித்ததும் 0, 1, 2, 3 பெயர்களை வைத்துச் சோதியுங்கள். இந்த நான்கிலும் தேறினால் 47இலும் 4,700இலும் தேறும். 0 என்றால் காலி அட்டவணையைக் காட்டாமல் 'பெயர்கள் இன்னும் வெளியிடப்படவில்லை' என்று ஒரு வரி எழுதுங்கள். வெறும் பக்கத்தைப் பார்த்துப் பதறும் பெற்றோரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நான்கு பத்திகளுக்கும் இதே வழியில் போகலாம் என்று நினைப்பீர்கள். அங்கே ஒரு குழி இருக்கிறது. 9 பெயரை 4 பத்தியில் போட, 9ஐ 4ஆல் வகுத்து மேல்நோக்கி முழுதாக்கினால் 3. பத்திக்கு மூன்று என்று வைத்தால் 3, 3, 3 என்று மூன்று பத்தியிலேயே தீர்ந்துவிடும். நான்காவது பத்தி வெறுமையாக நிற்கும். 3, 2, 2, 2 என்பதே நல்ல பிரிவு. எல்லாப் பத்திக்கும் ஈவைக் கொடுத்து, மீதியை முதல் பத்திகளுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிட வேண்டும். எஸ்.கியூ.எல்.லில் 'என்டைல்' என்று ஒரு சார்பு இதே பங்கீட்டைச் செய்து, ஒவ்வொரு பதிவுக்கும் அதன் குழு எண்ணைச் சொல்லும். அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் பக்கத்தின் அழகுக்காகத் தரவுத்தளத்தை வேலை வாங்குவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இரண்டு முறை கேட்கலாமா?

சிலர் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடிப்பார்கள். முதல் வினவலில் முதல் நான்கு பெயரைக் கேட்டு இடப்பத்தியில் போடுவது. இரண்டாம் வினவலில் நான்கைத் தாண்டி மீதியைக் கேட்டு வலப்பத்தியில் போடுவது. கணக்கே வேண்டாமே என்று தோன்றும்.

இரண்டு வினவலுக்கும் இடைப்பட்ட நொடியில் அலுவலகத்தில் ஒருவர் 'இளங்கோ' என்ற பெயரைச் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இடப்பத்தியில் ஏற்கனவே அமுதா, அனிதா, கவிதா, சரவணன் வந்துவிட்டார்கள். இப்போது வரிசை அமுதா, அனிதா, இளங்கோ, கவிதா, சரவணன் என்று நகர்ந்துவிட்டது. நான்கைத் தாண்டினால் சரவணனில் தொடங்கும். ஒரே பக்கத்தில் இரண்டு சரவணன். இளங்கோ இல்லவே இல்லை. சேர்ப்பதற்குப் பதில் கவிதாவை நீக்கியிருந்தால் இன்னும் மோசம். வரிசை ஓரிடம் மேலே ஏறிவிட, நான்கைத் தாண்டி வள்ளியில் தொடங்கும். மாலதி எந்தப் பத்தியிலும் வரமாட்டார். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதால் புகார் செய்தவரையே குறை சொல்லத் தோன்றும்.

ஒரே பெயரில் இருவர் இருந்தால் யாரும் எதையும் மாற்றாமலேயே இந்தக் குளறுபடி நேரலாம். பெயரால் மட்டும் அடுக்கச் சொன்னால், இரண்டு மாலதிகளில் யார் முதலில் என்பதைத் தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடிவு செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெயருக்குப் பின் பதிவு எண்ணையும் 'ஆர்டர் பை'யில் சேர்த்துவிடுங்கள். வினவலை ஒரே முறை அனுப்புங்கள்.

வினவல் ஒன்றாக இருந்தாலும் விடையை எடுக்கும்போது நழுவவிடலாம். தரவுத்தளம் விடையைக் கிளினிக்கில் எண் கூப்பிடுவது போல ஒவ்வொன்றாகத் தருகிறது. ஒருமுறை கூப்பிட்ட எண் திரும்ப வராது. பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சுழற்சிக்கு வெளியே ஒன்றை எடுத்துவிட்டு, சுழற்சிக்குள் மறுபடி எடுக்கத் தொடங்கினால் முதல் பெயர் காணாமல் போகும். என் பிழை கடைசிப் பெயரைத் தின்றது என்றால் இந்தப் பிழை அமுதாவைத் தின்னும். விடையை முதலிலேயே அணியில் போடச் சொன்னது இதற்காகத்தான்.

உலாவியிடம் விட்டுவிடலாம்

இவ்வளவு கணக்கும் கற்ற பிறகு, இன்று இதில் பெரும்பகுதி தேவையில்லை என்று சொன்னால் கோபிக்காதீர்கள். பக்கத்தின் தோற்றத்தைத் தனியே சொல்லும் சி.எஸ்.எஸ். மொழியை ஹாக்கோன் வியும் லீ 1994இல் முன்மொழிந்தார்; அதன் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் ஏற்கப்பட்டது. அது பரவுவதற்கு முன் பக்கத்தில் எதையும் அருகருகே வைக்க வேண்டுமென்றால் அட்டவணைதான் கதி. அட்டவணைக்குள் பெயர்களைத் திணித்த பழக்கம் அந்தக் காலத்தின் மிச்சம்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெயர்களை ஒரே நீளப் பட்டியலாக, வந்த வரிசையிலேயே எழுதுங்கள். பாதி, மீதி எதுவும் வேண்டாம். பிறகு சி.எஸ்.எஸ்.ஸில் அந்தப் பட்டியலுக்குக் 'காலம் கவுன்ட்' 2 என்று ஒரு வரி கொடுத்தால் உலாவியே நெடுக்காக இரண்டு பத்தியில் ஓடவிடும். குறுக்காக வேண்டுமா? 'கிரிட்' என்னும் கட்ட அமைப்பில் இரண்டு பத்தி என்று சொல்லுங்கள். முக்கிய உலாவிகள் பலவற்றில் 2017 மார்ச் முதல் இது கிடைக்கிறது. பின்னாளில் மனம் மாறினால் தோற்ற வரியை மட்டும் மாற்றினால் போதும், நிரலைத் தொட வேண்டியதில்லை.

நெடுக்கு முறையில் உலாவி பெயர்களை எண்ணிப் பிரிப்பதில்லை; உயரத்தைப் பார்த்துப் பிரிக்கிறது. தந்தை பெயருடன் இரண்டு வரிக்கு மடங்கும் நீளப் பெயர்கள் இடப்பக்கம் அதிகம் இருந்தால், 24க்குப் பதில் 22 பெயரோடு பத்தி முடியலாம். அது பிழையில்லை. ஆனால் ஒருவரின் பெயர் இடப்பத்தியின் அடியிலும் அவருடைய பள்ளி வலப்பத்தியின் தலையிலும் விழுந்துவிட்டால் அது கெடுதல்தான். ஒவ்வொரு பதிவுக்கும் 'பிரேக் இன்சைட்: அவாய்ட்' என்று கொடுத்தால் பதிவு நடுவில் உடையாது.

கைப்பேசிக்கும் வருவோம். நிறையப் பேர் பட்டியலைப் பார்ப்பது அதில்தான். பல கைப்பேசிகளில் திரையின் அகலம் உலாவியின் கணக்கில் 360 புள்ளி அளவுதான் இருக்கும். அதை இரண்டாகப் பிரித்தால் தமிழ்ப் பெயர்கள் நெரிந்து மடங்கும். 'காலம் கவுன்ட்' 2 என்பதோடு 'காலம் விட்த்' 16 எம் என்றும் சேர்த்துக் கொடுங்கள். எம் என்பது எழுத்தின் அளவு. வழக்கமான 16 புள்ளி எழுத்தில் 16 எம் என்றால் 256 புள்ளி. அப்படி இரண்டு பத்திக்கு இடமிருந்தால் உலாவி இரண்டாகக் காட்டும். இல்லையென்றால் தானாகவே ஒன்றாக்கிவிடும், வரிசையும் குலையாது. அட்டவணைக்குள் அடைத்த பெயர்கள் இப்படி நெகிழ்ந்து கொடுக்காது.

பார்வையற்ற வாசகருக்கும் இதில் பயன் உண்டு. என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பு மென்பொருள், அட்டவணையை வரி வரியாகப் படிக்கும். நெடுக்காக அடுக்கிய அட்டவணை என்றால் அவர் காதில் அமுதா, மாலதி, அனிதா, வள்ளி என்று விழும். ஒரே பட்டியலாக எழுதி சி.எஸ்.எஸ். மூலம் பிரித்திருந்தால் அமுதா, அனிதா, கவிதா என்று முறைப்படி விழும். என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது, உங்கள் பக்கத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

அனிதா முதலா, அமுதா முதலா?

பத்தி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அகர வரிசை தவறினால் பெயர் கிடைக்காது. தமிழுக்கு இது தனிச் சிக்கல். நாம் பள்ளியில் படித்த வரிசையில் ன கடைசி மெய். ம அதற்கு முன்பே வந்துவிடும். ஆகவே அமுதா முதலில், பிறகு அனிதா. யூனிகோடு எழுத்துக்குறி எண்களோ வேறு மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்குப் பின் ள, ழ, அதன் பிறகே வ. எழுத்துக்குறி எண்ணை மட்டும் ஒப்பிடும் தரவுத்தளம் அனிதாவை முதலிலும் அமுதாவை அடுத்தும் வைக்கும். வனஜாவை வள்ளிக்கு முன் தள்ளிவிடும்.

ஏழு பெயரில் இது தொல்லையில்லை. நூறு பெயரில், பத்தி பிரிக்கும் இடத்துக்கு அருகே இது நிகழ்ந்தால், இடப்பத்தியின் அடியில் தேட வேண்டிய பெயர் வலப்பத்தியின் தலையில் இருக்கும். அட்டவணையை உருவாக்கும்போதே பெயர்ப் புலத்துக்கு 'கொலேஷன்' எனப்படும் ஒப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பின்' என்று முடியும் முறைகள் எழுத்துக்குறி எண்ணையே பார்ப்பவை, அவற்றைத் தவிர்த்து யூனிகோடின் வரிசைப்படுத்தல் நெறியைப் பின்பற்றும் முறையை எடுங்கள். எடுத்த பின் அமுதா, அனிதா, வள்ளி, வனஜா என்ற நான்கு பெயரைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். இதே வரிசையில் திரும்பி வந்தால் சரி.

அன்றைய சம்பவத்துக்குப் பின் என் பட்டியல்கள் எல்லாவற்றின் தலையிலும் 'மொத்தம் 47 பெயர்கள்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். அந்த எண்ணைத் தரவுத்தளத்திடம் தனியாகக் கேட்டு வாங்குகிறேன். பெயர்களை எழுதும் சுழற்சி தான் எழுதியவற்றைத் தானே எண்ணிக்கொண்டு வரும். இரண்டு எண்ணும் பொருந்தாவிட்டால் பக்கம் வெளியாகாது, எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். பட்டியலில் தன் பெயரைக் காணாத ஒருவர் தாமே எண்ணிப் பார்த்துக் கேட்கவும் அந்த வரி வழிவிடுகிறது.

பயிற்சி

உங்கள் வகுப்பு மாணவர் பெயர்களைத் தாளில் எழுதி, மூன்று பத்தியில் நெடுக்காக அடுக்குங்கள். எண்ணிக்கை 3ஆல் மீதியின்றி வகுபட்டால் ஆசிரியர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிக்கல் வெளிப்படாது. ஒவ்வொரு பத்தியும் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதை ஈவு, மீதி இரண்டை மட்டும் கொண்டு ஒரு சூத்திரமாக எழுதிப் பாருங்கள். பிறகு அதே சூத்திரத்தில் மொத்தம் 2 என்று போட்டு, மூன்றாம் பத்தி என்ன ஆகிறது என்று பாருங்கள். விடை அடுத்த வாரம்.